மோரிப் கரையில் நடக்காத போர்

மாணவர்களே, 1945 செப்டம்பர் 9 அன்று சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் இந்தியப் படை இறங்கியது. ஜப்பானியரிடமிருந்து மலாயாவை மீட்க வகுத்த ‘ஆபரேஷன் ஸிப்பர்’ திட்டம் அது. ஆகஸ்டிலேயே ஜப்பான் சரணடைந்ததால் சண்டை நடக்கவில்லை. அப்படியும் வாகனங்கள் பல இளகிய மணலில் புதைந்தன!

எதிரி சுட்டிருந்தால்? புந்தோங்கில் உங்கள் வீட்டு மேசையிலேயே ஆடிப் பார்க்கலாம். கரையின் தன்மை தற்சார்பு மாறி. இழக்கும் லாரிகள் சார்பு மாறி. எதிரியின் பலம் கட்டுப்படுத்தப்பட்ட மாறி. 12 லாரிகளுக்கும் பகடை உருட்டுங்கள். இறுகிய மணலில் 1, 2 விழுந்தால் லாரி சிக்கும். இளகிய மணலில் 1 முதல் 4 வரை. சிக்கியதற்கு மறுபடி உருட்டுங்கள். 6 விழுந்தால் அது குண்டுக்கு இரை. ஒரே ஆட்டத்தை நம்பாதீர்கள், ஒவ்வொரு கரைக்கும் 20 முறை ஆடுங்கள். பகடை எண்கள் என் ஊகம்தான், மாற்றியும் பாருங்கள்.