குட்டி ட்ரோன் இறக்கைக்குப் பலம் சேர்க்க

உள்ளங்கை அளவு குவாட்காப்டர் சுவரில் மோதினால் முதலில் அடிபடுவது இறக்கைதான். வெறுமனே வளைந்திருந்தால் சுடுநீரில் சில நொடி முக்கி, நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீரில் போடுங்கள்.

பிறகு மெல்லிய செலோடேப்பை 5 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கத்தரித்து, காற்றைக் கிழித்துச் செல்லும் தடித்த விளிம்பை மூடினாற்போல் மேலும் கீழும் மடித்து ஒட்டுங்கள். நகத்தால் நன்றாக நீவிவிடுங்கள். ஓரம் தூக்கி நின்றால் சுழலும் வேகத்தில் பிய்ந்துவிடும். எதிர்ப் பக்கத்திலும் அதே நீளம் ஒட்ட வேண்டும். நடுத்துளையில் ஊசி கோத்துக் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அங்கே டேப்பைக் கொஞ்சம் நறுக்குங்கள். எடை சமமாக இல்லையென்றால் ட்ரோன் அதிரும், மோட்டார் சூடாகும்.

கழற்றும்போதே எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இறக்கை வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்றுபவை. மாற்றிப் போட்டால் ட்ரோன் எழும்பாமல் கவிழும்.

இறக்கையின் அடியிலோ நடுக்குமிழிலோ விரிசல் கண்டால் பசை தடவி ஒப்பேற்றாதீர்கள். தெறிக்கும் துண்டு கண்ணில் படலாம். தயவுசெய்து புதிதாக வாங்கி மாட்டுங்கள்.