பேகம்பூர் உருண்டைக் கல் முட்டை அல்ல

திண்டுக்கல் பேகம்பூரில் யாராவது வீட்டுக்கு வானம் தோண்டும்போது உருண்டையாக ஒரு கல் வந்துவிட்டால் போதும். பொழுது சாய்வதற்குள் அது டைனோசர் முட்டையாகி வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றி வந்துவிடுகிறது. கூடவே, 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது கிடைத்த உருண்டைகளின் படங்களும் வரும். "அங்கேயே கிடைச்சிருக்கு சார், இங்க கிடைக்காதா?" என்பார்கள். நிலவியல் பாடம் நடத்திய எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குன்னத்தில் கிடைத்ததும் முட்டை இல்லை. அவை அம்மோனைட் படிவ உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் சொல்லிவிட்டார்கள். முட்டை என்ற வதந்தியை ஆயிரம் பேருக்கு அனுப்பியவர்கள் இந்த மறுப்பை ஒருவருக்குக்கூட அனுப்பவில்லை.

அம்மோனைட் என்பது கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவான கடல் பிராணி. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட ஓடு அதற்கு. ஓட்டின் உள்ளே வரிசையாக அறைகள். கடைசி அறையில் உடல் இருக்கும். மற்ற அறைகளில் காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்து, வேண்டிய ஆழத்தில் மிதக்கும். கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தில், கடல் இன்றைய அரியலூர், பெரம்பலூர் வரை உள்ளே வந்து நின்றது. செத்த அம்மோனைட் சேற்றில் புதைந்து அழுகும்போது சுற்றியுள்ள நீரின் வேதித்தன்மை மாறும். அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்து, பூச்சுக்கு மேல் பூச்சாகக் கெட்டியாகி உருண்டை ஆகும். பிளந்தால் உள்ளே வரிவரியான ஓடு தெரியும். முட்டை ஓடு அப்படி இருக்காது. அது சில மில்லிமீட்டர் கனம்தான். உருப்பெருக்கியில் பார்த்தால் குஞ்சு மூச்சுவிடும் நுண்துளைகள் தெரியும். நர்மதைப் பள்ளத்தாக்கில் கிடைத்த டைனோசர் முட்டைகள் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற உருண்டையை முட்டை என்றால் என்ன பதில் சொல்வது?

நம் பேகம்பூர்க் கல்லில் அம்மோனைட்கூட இருக்க வழியில்லை. அந்தக் கிரெட்டேசியஸ் கடல் படிவு திருச்சிக்கு அப்பால் ஊட்டத்தூர்ப் பக்கம்தான் தொடங்குகிறது. திண்டுக்கல் சமவெளியின் அடிப்பாறை, பூமிக்குள் வெகு ஆழத்தில் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே வெந்து உருமாறியது. டைனோசர் பிறந்ததோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பிறக்காத பிராணியின் முட்டை இந்தப் பாறைக்குள் எப்படிப் போகும்? கல் உருண்டது வேறு காரணத்தால். பாறை வெடிப்புகளில் நீர் இறங்கும்போது விளிம்பும் மூலையும் பல பக்கமும் தாக்குண்டு முதலில் கரையும். நடுப்பகுதி உருண்டையாக மிஞ்சும். மேல் தோலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பழுப்பு நிறத்தில் பொருக்குப் பொருக்காக உதிரும். உள்ளே கருநீலமும் சாம்பலுமாகப் படிகங்கள் மின்னும். அது வெறும் பாறை.

சரி, தமிழ்நாட்டில் டைனோசரே இல்லையா என்றால், இருந்தது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் எலும்புகளும் முட்டை ஓடும் பதிவாகியுள்ளன. அங்கே கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 1980களில் பிருகத்காயசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அந்த எலும்புகள் பொடிந்து அழிந்துவிட்டன. மிஞ்சியவை படங்களும் குறிப்புகளுமே. உலகமே பார்க்க வேண்டிய பொருளை இழந்த நாம் பொய் முட்டைக்குக் கூட்டம் கூடுகிறோம்.

கடலிலும் டைனோசர் நீந்தியது என்பது இன்னொரு கதை. ஊட்டத்தூர்ப் படிவில் கிடைத்த இக்தியோசார் கடல் ஊர்வனவே தவிர டைனோசர் அல்ல. அரியலூர்ச் சிப்பிகளைக் குமரிக்கண்டத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் ஒரு கணக்கைப் பார்க்கட்டும்: மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டு, அந்தச் சிப்பிகளுக்குக் கோடிக்கணக்கில். சாத்தனூர்க் கல்மரம் சாபத்தால் கல்லானதும் இல்லை. கடலுக்கு அடித்து வரப்பட்டு, சேற்றில் புதைந்து கல்லான மரம் அது. நீளம் 18 மீட்டர். 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார்.

எனக்கு உண்மையான கவலை சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் பற்றியது. 1953 போராட்டத்தால் நாடறிந்த கல்லக்குடியின் சுரங்கத்தில் பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய பழங்கடல் திட்டு இருக்கிறது. அரியலூர்ச் சுரங்கங்களில் சிப்பி அடுக்குகள். அவைதான் அரைபட்டு சிமென்ட் ஆகின்றன. 1860களில் நிலவியலாளர்கள் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் இந்தப் பாறைகளையும் புதைபடிவங்களையும் பற்றி எழுதிய நூல்களை உலக ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அவர்கள் விவரித்த பாறை முகங்களை நாம் கல்லூரி மாணவருக்குக் காட்ட முடியாமல் போய்விடக் கூடாது. சிமென்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுரங்கத்தை மூடும்போது முழுவதையும் மண்கொட்டி மேவாமல், அடுக்கு தெளிவாகத் தெரியும் ஒரு சுவரையாவது விட்டுவையுங்கள்; வேலி போட்டு, இறங்கப் படி வையுங்கள். இதைச் சுரங்க மூடல் திட்டத்திலேயே கட்டாயமாக்க வேண்டும்.

அரியலூர்ப் பக்கம் போகும்போது உருண்டைக் கல் கண்ணில் பட்டால் சுத்தியலைத் தூக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். வாட்ஸ்அப்புக்கு அனுப்புவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.