காதுக்குப் பின்னால் வெயில் படாது

கேள்வி: வீட்டிலேயே முக எண்ணெய் செய்கிறேன். செக்கு நல்லெண்ணெயில் கார்போகரிசி, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ ஊறவைத்து, வாசனைக்குக் கடையில் விற்கும் எலுமிச்சை எண்ணெய் சில சொட்டு விடுவேன். உறவுக்காரர்கள் விரும்பிக் கேட்பதால் விற்கலாமா என்று யோசனை. காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் மூலிகைதானே, இந்தச் சோதனை போதாதா டாக்டர்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: போதாதம்மா. உங்கள் சோதனை காட்டுவது எரிச்சல் ஒன்றைத்தான். எரிச்சல் சில நிமிடங்களிலோ ஒரு நாளுக்குள்ளோ தெரிந்துவிடும். ஒவ்வாமை அப்படி வராது. புதிய பொருளை உடல் முதலில் எதிரியாகக் குறித்துக்கொள்ள ஏறத்தாழ 10 முதல் 14 நாள் பிடிக்கும். அதன் பிறகுதான், தடவி ஓரிரு நாள் கழித்து, அரிப்பும் சிவப்புத் தடிப்பும் கிளம்பும்.

ஆகவே முழங்கை மடிப்புக்கு அருகே, முன்கையின் உட்புறத்தில் சுமார் 3 செ.மீ. அகலத்துக்குக் காலை மாலை தடவுங்கள். ஒரு வாரம் கட்டாயம். இரண்டு வாரம் தொடர்ந்தால் நல்லது. அரிப்பு தொடங்கினால் அன்றே நிறுத்திவிடுங்கள். இது உங்கள் தோலுக்கான பதில் மட்டுமே. எலுமிச்சை எண்ணெயைத் தனியாக, நீர்க்காமல் தடவிப் பார்க்காதீர்கள். அது தோலைப் புண்ணாக்கிவிடும்.

எனக்குப் பெரிய கவலை கார்போகரிசிதான். அதில் சோரலென் இருக்கிறது. வெண்புள்ளிக்கு நாங்கள் இதே சோரலெனைக் கொடுத்து, புற ஊதாக் கதிரை அளந்து அளந்து காட்டுவோம். அளவு கொஞ்சம் மீறினாலும் தோல் வெந்து கொப்பளிக்கும். கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். உங்கள் எண்ணெயில் எவ்வளவு சோரலென் இறங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதைப் பூசிக்கொண்டு ஒருவர் ஈரோட்டு வெயிலில் வண்டி ஓட்டினால் என்ன ஆகும்? தோலைப் பிழிந்து எடுத்த எலுமிச்சை எண்ணெயிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு. நீங்கள் சோதித்த இடத்தில் வெயிலே படாது, விற்கப்போவதோ முகத்துக்கு. இதை வெயிலில் நின்று சோதிக்கவும் கூடாது. இரண்டையும் எடுத்துவிடுங்கள், அவை இல்லாமல் முக எண்ணெய் செய்ய முடியும்.

இன்னொன்று, எண்ணெயின் வயது. எலுமிச்சை எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். புதிதாக இருக்கும்போது அதனால் ஒவ்வாமை வருவது அரிது. காற்றுப் பட்டுப் பட்டு அது ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் ஹைட்ரோபெராக்சைடுகள்தான் ஒவ்வாமையைக் கிளப்பும். லேவண்டர், டீ ட்ரீ எண்ணெய்களிலும் இதே கதைதான். புதுக் குப்பியைச் சோதித்துவிட்டுப் பாதி தீர்ந்த பழைய குப்பியை நம்ப முடியாது. வாசனை எண்ணெய் எது சேர்த்தாலும், திறந்து சில மாதமான எண்ணெயையும் சோதியுங்கள்.

உறவினர்களை நம்பி விற்காதீர்கள். நூறில் ஒருவருக்கு வரும் ஒவ்வாமை, பத்து பேரிடம் பார்த்தால் பத்துக்கு ஒன்பது தடவை கண்ணில் படாமலே போகும். விற்க உரிமம் வேண்டும், பாதுகாப்புச் சோதனையும் வேண்டும். இந்தியாவில் 2014 முதல் விலங்குகளில் அழகுப்பொருள் சோதனை தடை. எரிச்சலை இப்போது ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் மாதிரியிலேயே பார்க்கிறார்கள். ஒளியால் வரும் நச்சுத்தன்மையை வளர்ப்புச் செல்களில் புற ஊதாக் கதிர் பாய்ச்சிப் பார்க்கலாம். அதற்கப்புறம்தான் மருத்துவர் மேற்பார்வையில் தன்னார்வலர்களிடம் சோதனை.

ஏற்கெனவே எண்ணெய் வாங்கிப்போன உறவுக்காரர்களிடம் பகலில் பூச வேண்டாமென்று இன்றே சொல்லிவிடுங்கள். யாருக்காவது தடிப்பு வந்திருந்தால் அடியோடு நிறுத்திவிட்டு, குப்பியை எறியாமல் தோல் மருத்துவரிடம் எடுத்துப்போகட்டும். அந்த எண்ணெயையும் அதில் சேர்ந்த பொருள்களையும் தக்கபடி நீர்த்து முதுகில் 48 மணி நேரம் ஒட்டி வைத்து, எடுத்ததும் ஒரு முறை, மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுமுறை பார்ப்பார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அதில்தான் பிடிபடும். அதற்கு, நீங்கள் சேர்த்தவை அத்தனையும் ஒன்று விடாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.