காண்பனவும் அறிவனவும்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

வேதியியல் செய்முறைக் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் உண்டு. சோதனை, காண்பன, அறிவன என்பன அவை. மேல்நிலை வகுப்பு முதல் இப்பத்திகளை நாம் நிரப்பி வருகிறோம். ஆயினும், இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் நடுவே ஏன் ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அறிவியலின் அடிப்படை ஒழுக்கம் அந்த ஒரு கோட்டில் அடங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

ஐம்புலன்களாலும், அப்புலன்களுக்குத் துணை செய்யும் கருவிகளாலும் நேரே பெறுகின்ற செய்தி காண்பது. அச்செய்தியோடு நாம் முன்னரே அறிந்தவற்றையும் சேர்த்து, நேரே காணாத ஒன்றைப் பற்றிச் செய்துகொள்ளும் முடிவு அறிவது. இதனை ஊகம், அனுமானம், உய்த்துணர்தல் என்றும் சொல்வர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சோதனைக் குழாயில் உள்ள உப்பின் மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறோம். உப்பு நுரைத்துப் பொங்குகிறது. வெளிவரும் நிறமற்ற வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் நீர் பால்போல் மாறுகிறது. இவை காண்பன. 'வெளிவந்தது கார்பன் டை ஆக்சைடு. ஆகவே உப்பு கார்பனேட்டாக இருக்கலாம்' என்பது அறிவது.

ஆனால் மாணவர் பலருடைய குறிப்பேட்டைப் புரட்டினால், காண்பன என்ற பத்தியிலேயே 'கார்பன் டை ஆக்சைடு வெளிவந்தது' என்று எழுதியிருக்கும். அந்த வாயுவை எவரும் கண்ணால் கண்டதில்லை. கண்டது நீரின் வெண்மையை மட்டுமே. இதிலென்ன கேடு என்று கேட்கலாம். சல்ஃபர் டை ஆக்சைடும் சுண்ணாம்பு நீரைப் பால்போல் மாற்றும்! அப்போது உப்பு சல்ஃபைட்டாக இருக்கும். எரியும் கந்தகத்தின் நெடி வருகிறதா, அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாள் பச்சையாகிறதா என்று மேலும் பார்த்தவரே துணிந்து முடிவு சொல்லலாம். 'கார்பன் டை ஆக்சைடு' என்று முதலிலேயே எழுதிவிட்டவருக்கு மேலும் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எழாது.

ஊகம் செய்வது தவறென்று நான் சொல்லவில்லை. ஊகம் இல்லையேல் அறிவியல் வெறும் பட்டியலாகிவிடும். ஊகத்தைக் காட்சியின் இடத்தில் அமர்த்துவதே தவறு.

மலைமேல் புகை

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். நேரே அறிவதைக் காண்டல் என்றும், கண்டதைக் கொண்டு காணாததை அறிவதைக் கருதல் என்றும் அளவை நூலார் பகுத்தனர். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று கொள்வது அவர்கள் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு. மணிமேகலையின் 29ஆம் காதை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராத நிலையிலேயே அதைப் புகையென்று கொண்டு, நெருப்பு உண்டு எனத் துணிவதைக் குற்றமுள்ள ஏதுக்களுள் ஒன்றாக அது வைக்கிறது.

கொடைக்கானலுக்கு மேற்கே, மன்னவனூர்ப் பக்கம் உள்ள கவுஞ்சி என் சொந்த ஊர். அங்கே பிறந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பள்ளத்திலிருந்து எழும் மஞ்சும், தோட்டத்தில் சருகு எரிக்கும் புகையும் தொலைவில் ஒன்றுபோலவே தோன்றும். காய்ந்த புல்லில் தீப்பற்றும் கோடைக்காலத்தில், ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஓடுவதா வேண்டாவா என்பது இந்த ஒன்றைப் பொறுத்தே அமையும். ஊர்ப் பெரியவர்கள் உடனே முடிவு சொல்வதில்லை. ஓரிடத்திலிருந்து எழுகிறதா, பள்ளம் முழுவதும் படர்கிறதா, அடியில் கருமை தெரிகிறதா, காற்றில் நெடி வருகிறதா என்று நின்று பார்ப்பார்கள். காண்பன பெருகிய பின்னரே அறிவன பற்றிப் பேசுவார்கள்.

கொடைக்கானல் தந்த சான்று

இம்முறைக்கு உலகறிந்த சான்று ஒன்று எங்கள் பழனி மலையிலேயே உண்டு. கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தோற்றுவிக்கப்பட்டது. 1907இல் ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேய வானியலார் அங்கே பணிக்கு வந்தார். 1909 சனவரியில், சூரியப் புள்ளிகளின் நிறமாலையை அவர் ஆராய்ந்தார்.

சூரியப் புள்ளியின் நடுவே கரிய பகுதியும், அதைச் சுற்றி இளங்கருமையான வளையமும் இருக்கும். வளையத்தைப் புறநிழல் என்பர். எவர்ஷெட் கண்டவற்றை நம் குறிப்பேட்டு முறையில் எழுதினால் இவ்வாறு அமையும்:

1. புறநிழலில் நிறமாலை வரிகள் தம் இடத்திலிருந்து சற்றே விலகியிருந்தன. சூரிய வட்டின் மையத்தை நோக்கிய பக்கத்தில் ஊதாவை நோக்கியும், விளிம்பை நோக்கிய பக்கத்தில் சிவப்பை நோக்கியும் விலகின.

2. புள்ளி வட்டின் மையத்தருகே இருந்தபோது இவ்விலகல் தென்படவில்லை. மையத்தை விட்டுத் தள்ளியிருந்த புள்ளிகளில் தெளிவாகத் தெரிந்தது.

3. நிறமாலைமானியின் பிளவை, புள்ளியையும் வட்டின் மையத்தையும் இணைக்கும் கோட்டின் வழியே வைத்தபோது விலகல் மிகுதியாக இருந்தது.

இவை மட்டுமே காண்பன. இவற்றில் வாயு என்ற சொல்லோ, ஓட்டம் என்ற சொல்லோ இல்லை என்பதை நோக்குக. ஒளி மூலம் நம்மை நோக்கி வந்தால் வரிகள் ஊதாப் பக்கமும், விலகிச் சென்றால் சிவப்புப் பக்கமும் பெயரும் என்னும் டாப்ளர் விளைவை இவற்றோடு சேர்த்த பின்னரே ஊகம் பிறக்கிறது.

ஊகங்களும் ஒன்றல்ல, மூன்று எழலாம். வாயு மேலும் கீழும் இயங்குகிறது எனலாம். புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது எனலாம். நடுவிலிருந்து நாற்புறமும் வெளியே பாய்கிறது எனலாம். இவற்றுள் சுழற்சிக் கருத்துக்கு அன்று நல்ல செல்வாக்கு இருந்தது. முந்தைய ஆண்டு, அதாவது 1908இல், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஹேல் என்பார், வரிகள் பிளவுபடுவதைக் கொண்டு சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்திருந்தார். புள்ளிகள் சூறாவளி போன்றவை என்ற எண்ணமும் நிலவியது.

இனி, ஒவ்வோர் ஊகத்தையும் காண்பனவற்றோடு ஒப்பிடுவோம். மேல்கீழ் இயக்கமானால், புள்ளி வட்டின் மையத்தில் இருக்கும்போதுதான் விலகல் மிகுதியாக வேண்டும். அங்கோ விலகலே இல்லை. சுழற்சியானால், மையத்தை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாகப் பிளவை வைக்கும்போது விலகல் மிகுதியாக வேண்டும். கண்டது அதற்கு மாறானது. எஞ்சுவது மூன்றாவது. புறநிழலில் வாயு சூரியப் பரப்பை ஒட்டிக் கிடையாக வெளிநோக்கிப் பாய்கிறது என்று எவர்ஷெட் முடிவு கூறினார். இன்று உலகெங்கும் இது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது.

அவர் அளந்த பெயர்ச்சி எத்துணைச் சிறியது என்பதை நாமே கணக்கிடலாம். வாயுவின் வேகம் நொடிக்கு சுமார் 2 கிலோமீட்டர். ஒளியின் வேகம் நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர். ஆகவே 6,000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள வரி ஏறத்தாழ 0.04 ஆங்ஸ்ட்ராம் அளவே பெயரும். இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை அளப்பவர், பிறர் எதிர்பார்த்த விடையை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தட்டைப் பார்த்திருந்தால் என்னவாகியிருக்கும்!

அந்த ஓட்டத்துக்குக் காரணம் யாது என்ற விளக்கங்கள் அதன்பின் பலமுறை திருத்தம் பெற்றன. எவர்ஷெட் கண்ட வரிப்பெயர்ச்சியோ இன்றும் அப்படியே நிற்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கொடைக்கானலில் எடுத்த சூரியப் படங்கள் இன்று கணினிப் பதிவுகளாக மாற்றப்பட்டு, அப்படங்களை எடுத்தவர்கள் நினைத்தும் பாராத கேள்விகளுக்குப் பயன்படுகின்றன. ஊகம் அதைச் செய்தவருடைய காலத்துக்கு உரியது. செம்மையாகக் குறித்த காட்சி பின்வருவோர் எல்லோர்க்கும் பொதுச் சொத்து.

பூண்டுத் தோட்டத்தில்

இது ஆய்வகத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. என் தந்தையார் மலைப்பூண்டு பயிரிடுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பூண்டின் இலை மஞ்சளாகிறது என்பது காட்சி. 'நோய் விழுந்துவிட்டது' என்பது ஊகம். தழைச்சத்துக் குறைந்தாலும் முதிர்ந்த இலைகள் மஞ்சளாகும். பாத்தியில் நீர் தேங்கி வேர் அழுகினாலும் மஞ்சளாகும். இலைப்பேன் சாறு உறிஞ்சினாலும் இலை வெளிறும். அறுவடை நெருங்கினால் இயல்பாகவே மஞ்சளாகும்.

ஒரு போகத்தில், 'இலை மஞ்சளாயிற்று' என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் மருந்துக் கடையில் ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். கடன் வாங்கிய பணத்தில் இரண்டு முறை அடித்தும் பயிர் தேறவில்லை. பிறகு ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் அழுகியிருந்தது. வாய்க்காலை வெட்டி நீரை வடித்தோம். மீதிப் பயிர் பிழைத்தது. எந்த இலை முதலில் மஞ்சளானது, இலையிடுக்கில் பூச்சி உண்டா, வேர் எப்படி இருக்கிறது என்ற மூன்று காட்சிகளுக்குப் பணம் செலவில்லை. அவற்றைத் தாண்டிக் குதித்த ஊகத்துக்குத்தான் விலை கொடுக்க நேர்ந்தது.

சிறுவர்க்குக் கற்பிக்கும் முறை

விடுமுறையில் ஊர்ச் சிறுவர்கள் சிலருக்கு நான் பாடம் சொல்வதுண்டு. இரவில் கேரட் தோட்டம் ஒன்று மிதிபட்டிருந்ததால், மறுநாள் அவர்களை அங்கே அழைத்துச் சென்று, கண்டதை எழுதச் சொன்னேன். எல்லோரும் 'காட்டெருமை வந்து தின்றுவிட்டது' என்றே எழுதினர். காட்டெருமையைக் கண்டவர் யார் என்று கேட்டேன். எவருமில்லை. கண்டவை பிளவுபட்ட குளம்படிகளும், பிடுங்கிய கேரட்டும், சாணமும் மட்டுமே. பசுவுக்கும் கடமானுக்கும் பிளவுபட்ட குளம்புதான். உடனே ஒரு சிறுமி வேலியைச் சுற்றி வந்து, "வேலி எங்கேயும் ஒடியலையே அண்ணே, படல்தான் திறந்து கிடக்குது" என்றாள். காட்டெருமையின் மேல் இருந்த குற்றச்சாட்டு அப்போதே பாதி தளர்ந்தது! பிறகு அவர்களே குளம்படியை விரற்கடையால் அளந்து, ஊர் மாடுகளின் அடியோடு ஒப்பிடத் தொடங்கினர்.

நான் அவர்களுக்குச் சொல்லித் தந்தவை மூன்று கேள்விகள்: நீ கண்டது என்ன? அதிலிருந்து நீ நினைப்பது என்ன? வேறு எதுவாகவும் இருக்கலாமா, இருந்தால் அதை எப்படிச் சோதிப்பாய்? இக்கேள்விகளுக்கு ஆய்வகமும் வேண்டா, கருவியும் வேண்டா.

ஒரு வேண்டுகோள்

செய்முறைத் தேர்வில் மதிப்பெண் பெரும்பாலும் உப்பின் சரியான பெயருக்கே கிடைக்கிறது என்ற எண்ணம் மாணவரிடையே உண்டு. அதனால் உப்பின் பெயரை எப்படியோ முதலில் ஊகித்துக்கொண்டு, அதற்கேற்பக் காண்பன என்ற பத்தியைப் பின்னர் நிரப்பும் வழக்கம் வளர்கிறது. குழாயில் நிறம் மாறாவிட்டாலும் குறிப்பேட்டில் மாறிவிடுகிறது. கண்டதை உள்ளபடி எழுதியவனுக்கு, விடை பிழைபட்டாலும், கண்டதற்குரிய மதிப்பெண்ணை வழங்கியருள வேண்டும் என்று ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவ நண்பர்களுக்கு நான் சொல்வது இதுவே. நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நாளை ஊரில் வயலுக்கும், நோய்க்கும், வழக்குக்கும் நம்மிடம் வந்து கருத்துக் கேட்பார்கள். அன்று, 'நான் கண்டது இவ்வளவு. நான் கருதுவது இது' என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் நமக்கு இருக்குமானால், கற்ற கல்வி நம்மை நம்பியவர்களுக்குப் பயன்படும்.