தாய்ப்பால் பிள்ளையின் உதட்டைச் சுடுமா?

பிறந்து பத்து நாள்கூட ஆகாத பிள்ளையின் மேலுதட்டு நடுவில் வெளிறிய ஒரு சிறு கொப்புளம் தெரிகிறது. உடனே வீட்டில் எழும் முதல் பேச்சு, "உனக்கு உடம்புச் சூடு ஏறிவிட்டது, பால் சுட்டுப் பிள்ளையின் உதடு பொத்துப் போய்விட்டது" என்பதுதான். மாமியார் சொல்கிறார், எதிர்வீட்டு அத்தை சொல்கிறார், போதாதென்று வாட்ஸ்அப்பிலும் அதே சேதி வருகிறது. அடுத்து விசாரணை தொடங்கும். மாம்பழம் தின்றாயா? கோழி தின்றாயா? நண்பகல் வெயிலில் துணி காயப்போட மாடிக்கு ஏன் போனாய்? தண்டனையும் தயாராக இருக்கும். வெயிலில் போய் வந்தால் முதலில் சுரக்கும் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். முட்டை கூடாது, பருப்பு கூடாது, தண்ணீர்கூட அளந்துதான். கொப்புளம் மறுபடி வந்தால் இரண்டு நாள் மார்பையே கொடுக்காதே என்பார்கள். அந்த இரண்டு நாளில் மாவுப்பால் டப்பா வீட்டுக்குள் வந்துவிடும், பிறகு வெளியே போகாது. ஒரு மிளகளவுக் கொப்புளத்துக்காக ஒரு குழந்தை தாய்ப்பாலை இழக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாகப் பேச முடியவில்லை.

வெப்பத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். மனித உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். பால் ஊறுவது அதே உடலில், அதே ரத்தத்திலிருந்து. பிள்ளையின் வாயும் அதே 37 டிகிரிதான். வெயிலில் நின்றால் உடல் வியர்த்து அந்த அளவைக் காப்பாற்றிக்கொள்ளுமே தவிர, மார்பில் இருக்கும் பால் அடுப்பில் வைத்ததுபோலக் கொதிக்காது. தாய்க்கு 39 டிகிரி காய்ச்சலே அடித்தாலும், பிள்ளையைக் குளிப்பாட்டும் வெந்நீரின் பதத்தைத்தான் அந்தப் பால் எட்டும். தோல் வெந்து கொப்புளிக்க வேண்டுமானால் 44 டிகிரிச் சூடுகூடப் பல மணி நேரம் தொடர்ந்து பட வேண்டும். அப்படிச் சுடும் பாலை எந்தத் தாயின் உடலும் சுரக்காது. அப்படியொரு உடல் உயிரோடும் இருக்காது.

கொப்புளம் இருக்கும் இடத்தையும் பாருங்கள். பால் போய்ச் சேர்வது வாயின் பின்பகுதிக்கு. காம்பு நாக்கின் மேல் படிந்து அண்ணத்தை ஒட்டிக் கிடக்க, பால் தொண்டைக்கு அருகில் பீறிடுகிறது. பால் சுடுமானால் முதலில் நாக்கும் அண்ணமும் வேக வேண்டும். அவை ரோஜா நிறத்தில் நன்றாக இருக்கின்றன. கொப்புளமோ உதட்டில், அதுவும் மேலுதட்டின் நட்டநடுவில், மார்பின் தோலோடு அழுந்தி உரசும் இடத்தில் வருகிறது. புட்டிப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளுக்கும் இதே கொப்புளம் இதே இடத்தில் வருகிறது. அங்கே யாருடைய உடம்புச் சூட்டைக் குற்றம் சொல்வது? இன்னும் வலுவான சாட்சி பிறக்கும்போதே கையிலோ விரலிலோ கொப்புளத்தோடு வரும் குழந்தைகள். கருப்பையிலேயே கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சப்பிப் பழகியதன் அடையாளம் அது. குழந்தை மருத்துவத்தில் அதற்குச் சப்பல் கொப்புளம் என்றுதான் பெயர். ஒரு சொட்டுத் தாய்ப்பால்கூட வாயில் படாத குழந்தைக்கு வந்த கொப்புளத்துக்குப் பாலின் சூடு எப்படிக் காரணமாகும்?

"சூடு என்று நாங்கள் சொல்வது தெர்மாமீட்டர் காட்டும் சூட்டை அல்ல, உணவின் குணத்தை" என்று மறுமொழி வரும். அதை அலட்சியமாக ஒதுக்க நான் விரும்பவில்லை. உணவுக்குக் குணம் உண்டு என்பது நம் மருத்துவ மரபில் ஆழ வேரோடிய எண்ணம், தாய் தின்பதன் சாயல் பாலில் வரும் என்பதும் உண்மையே. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் தாய்மார்களுக்குப் பூண்டு கொடுத்துப் பார்த்து, 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். பூண்டு வாசம் பாலில் ஏறியிருந்தது. பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை, மார்பை விடாமல் கூடுதல் நேரம் பற்றியிருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்த நம் பாட்டிமாருக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் வாசமும் சுவையும் பாலில் கலப்பது வேறு, பால் தோலைப் பொசுக்குவது வேறு. உணவின் குணம்தான் காரணமென்றால் வாய் முழுக்கப் புண் வர வேண்டும், மாவுப்பால் குழந்தைக்கு வரவே கூடாது. இரண்டும் நடப்பதில்லை. குணத்தின் பெயரால் தாயின் தட்டிலிருந்து முட்டையையும் பருப்பையும் எடுத்துவிடுவதில்தான் உண்மையான கேடு இருக்கிறது. முதல் 6 மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்திருக்கிறது. அரைவயிற்றுப் பத்தியத்தில் அது எங்கிருந்து வரும்?

"பாலை நிறுத்தினோம், கொப்புளம் போய்விட்டது, கண்ணாலேயே பார்த்தோம்" என்பது அடுத்த வாதம். போயிருக்கும், மறுக்கவில்லை. நிறுத்தாமல் இருந்திருந்தாலும் போயிருக்கும். உரசும் இடத்தில் தோல் தடித்து, உரிந்து, மறுபடி தடிப்பது இந்தக் கொப்புளத்தின் இயல்பு. சில சமயம் காலையில் இருக்கும், மாலையில் இருக்காது. மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு விழுகிறதே, அதன் தம்பிதான் இது. ஒரு நாளில் 8 முதல் 12 தடவை உறிஞ்சி உழைக்கும் உதட்டில் விழும் காய்ப்பு. பிள்ளைக்கு வலிக்காது. மருந்தும் வேண்டாம், களிம்பும் வேண்டாம்.

அப்படியானால் கவனிக்க எதுவுமே இல்லையா என்றால், உண்டு. பிள்ளை வாய் வைக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். சரியாகப் பற்றும் குழந்தையின் வாய் கொட்டாவி விடுவதுபோல அகலத் திறந்திருக்கும், கீழுதடு வெளிப்புறமாக மடிந்திருக்கும், மோவாய் மார்பில் அழுந்தியிருக்கும். காம்பைச் சுற்றிய கருவட்டம் மேல்பக்கம் கொஞ்சம் தெரியும், கீழ்ப்பக்கம் பெரும்பாலும் வாய்க்குள் மறைந்திருக்கும். காம்பின் நுனியை மட்டும் கவ்வும் குழந்தை உதட்டால் இறுக்கிப் பிடித்துத்தான் குடிக்க வேண்டியிருக்கிறது. உரசல் கூடுகிறது, கொப்புளம் பெரிதாகிறது. தாய்க்கோ காம்பு வெடித்து ரத்தம் கசிகிறது, பால் கட்டிக்கொள்கிறது. நன்றாகப் பற்றும் குழந்தைக்கும் சிறு கொப்புளம் வரலாம், அதனால் கொப்புளத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். தாய்க்கு வலிக்கிறதா, பிள்ளை ஒரு நாளில் குறைந்தது 6 தடவை சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டிவிட்டதா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். வலி இருந்தால் சுண்டுவிரலைப் பிள்ளையின் வாயோரத்தில் மெல்ல நுழைத்துப் பிடியை விடுவித்து, மீண்டும் அகலத் திறக்கவைத்துக் கொடுங்கள்.

மற்றப் பழக்கங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள், காய்ப்பாக இருந்த இடம் சீழ்ப்புண் ஆகலாம். தேன் தடவாதீர்கள். அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். 1976-லேயே கலிபோர்னியாவில் கண்டறிந்த நோய் இது. வெங்காரத்தை (போராக்ஸ்) பொரித்துத் தேனில் குழைத்துத் தடவுவதும், கடையில் கேட்டதும் கிடைக்கும் போரோகிளிசரினும் இன்னும் மோசம். தேனும் வெங்காரமும் கலந்த மருந்தில் தோய்த்த சூப்பானைச் சப்பிய 7 குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை பிரிட்டனின் குழந்தை மருத்துவ இதழ் ஒன்று 1983-ல் பதிவு செய்திருக்கிறது. விளக்கெண்ணெயை வாயில் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம். உதட்டுக்கு அடியில் இருக்கும் சவ்வை வெட்டினால் கொப்புளம் வராது என்பது புதிய வியாபாரம். பற்றும் விதத்தைச் சரிபார்க்காமல் கத்தியைத் தேடாதீர்கள்.

சூட்டுக் கதையின் மேல் எனக்கு இருக்கும் மிகப் பெரிய கோபம், அது உண்மையான ஆபத்தை மறைத்துவிடுகிறது என்பதுதான். ஹெர்ப்பிஸ் என்ற வைரஸும் உதட்டில் கொப்புளம் போடும். அது நடுவில் ஒற்றையாக, வெளிறிய காய்ப்பாக வருவதில்லை. சிவந்த தோலின் மேல் சின்னச் சின்ன நீர்முத்துகள் கொத்தாக எழும்பி, உடைந்து, புண்ணாகிப் பொருக்குத் தட்டும். உதடு, கண்ணோரம், தலை என்று எங்கும் வரலாம். பெரியவர்களுக்கு ஒரு வாரத்தில் ஆறிவிடும் இந்தப் புண், பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையின் மூளையையும் கல்லீரலையும் தாக்கக்கூடியது. பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, பால் குடிக்க மறுக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது அல்லது உடம்பு சில்லிட்டுப் போகிறது என்றால் அதே மணி நேரத்தில் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அசைக்ளோவிர் மருந்தை நரம்பு வழியே 14 நாளோ 21 நாளோ ஏற்ற வேண்டியிருக்கும். சூடுதான், தானாகத் தணியும் என்று காத்திருப்பதிலும், அக்கி என்று சொல்லிக் காவி எழுதிவைப்பதிலும் கழியும் ஒவ்வொரு நாளும் அந்தக் குழந்தையின் ஆயுளிலிருந்து போகிறது.

இந்த வைரஸ் பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருகிறது, சில சமயம் முத்தத்தில் வருகிறது. தொட்டில் போடும் நாளில் வீடு நிறைய உறவினர் கூடி, ஆளுக்கொரு முத்தம் கொடுப்பது அன்பினால்தான், தெரியும். ஆனால் உதட்டில் புண் உள்ளவர், மாமாவோ தாத்தாவோ பெற்ற அப்பாவோ, அது முற்றிலும் ஆறும்வரை பிள்ளையின் முகத்துக்கு அருகில் வரக்கூடாது. இதைச் சொல்லப் பிள்ளை பெற்றவள் தயங்குகிறாள் என்றால் வீட்டின் மூத்தவர் சொல்லட்டும். தாய்க்கே உதட்டுப் புண் இருந்தால் கையைச் சோப்பால் கழுவி, முகக்கவசம் அணிந்து பால் கொடுக்கலாம். மார்பில் புண் இருந்தால் மட்டும் அந்தப் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும். பழைய தலைமுறை அக்கரம் என்று சொன்ன, துடைத்தாலும் போகாத வெண்படலம் பூஞ்சைத் தொற்று. மருத்துவர் தரும் சொட்டு மருந்தில் தீரும், அதற்காகவும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. சற்று வளர்ந்த குழந்தைக்கு வாயோடு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளம் வந்தால் அது கை கால் வாய் நோய். 2022-ல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பீதி கிளப்பியதும் இந்த நோய்தான். நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும்.

இவ்வளவு குழப்பத்துக்கும் ஊரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பிள்ளையை மார்பில் எப்படிப் பிடிப்பது என்று அந்தத் தாய்க்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? குழந்தை நேய மருத்துவமனைத் திட்டம் 1991-ல் தொடங்கியது. பால் கொடுக்கும் முறையைத் தாய்க்குக் காட்டித் தர வேண்டும் என்பது அதன் பத்து அம்சங்களில் ஒன்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவைசிகிச்சையில் நடந்தன. வயிற்றுத் தையலோடு எழுந்து உட்கார முடியாத தாய்க்கு, ஒருக்களித்துப் படுத்தபடி பால் கொடுக்கப் பக்கத்தில் இருந்து காட்ட ஒருவர் வேண்டும். "வார்டில் ஆள் இல்லை, நேரம் இல்லை" என்பார்கள். வலியோடும் வெடித்த காம்போடும் அவள் திரும்பி வரும்போது அதைவிட அதிக நேரம் போகிறதே? டிஸ்சார்ஜ் சீட்டில் தடுப்பூசித் தேதியை எழுதுவதுபோல, பிள்ளை மார்பைப் பற்றுவதைச் செவிலியர் முழுதாக ஒரு முறை பார்த்தார் என்று கையெழுத்திட ஒரு கட்டம் வேண்டும். மாமியாரையும் அந்த நேரத்தில் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். வீட்டில் கொப்புளத்தை முதலில் பார்க்கப்போவது அவர்தான்.