தொடுதளமும் மென்பொருளும்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் பின்னர், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பலருடைய வீடுகளிலும் மடிக்கணினி நுழைந்தது. ஆனால் அதனைப் பேணும் அறிவு உடன் வந்துவிடவில்லை. அவ்வறிவில் ஒரு சிறு பகுதியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விசைப்பலகைக்குக் கீழே உள்ள வழவழப்பான பரப்பே டச்பேட் எனப்படும் தொடுதளம். அதனடியில் மெல்லிய மின்முனைகள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் அமைந்துள்ளன. மேல்நிலை வகுப்பில் நாம் படித்த மின்தேக்கியின் தத்துவமே இங்கும் செயல்படுகிறது. நம் விரல் ஒரு மின்கடத்தி. அது நெருங்கும் இடத்தில் மின்தேக்குத்திறன் மாறுகிறது. அம்மாற்றத்தை அளந்து, விரல் இருக்கும் இடத்தை ஒரு சில்லு கணக்கிடுகிறது. உலர்ந்த குச்சியால் தேய்த்துப் பாருங்கள். திரையில் அம்பு அசையாது. ஈர விரலால் தொட்டால் அது தடுமாறும்.

இடத்தை அறிந்தால் மட்டும் போதுமா? ஒரு விரலால் தட்டினோமா, இரு விரலால் உருட்டினோமா, உள்ளங்கை தவறுதலாகப் பட்டதா என்று பொருள் கொள்வது மென்பொருளின் வேலை. எனவே கருவி நலமாக இருக்கும்போதே, மென்பொருள் மாறினால் அதன் நடத்தையும் மாறும். 2011இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட லயன் என்னும் இயங்குதளம், உருட்டும் திசையையே தலைகீழாக்கியது. ஆயினும் அமைப்புகளில் ஒரு குறியை நீக்கினால் பழைய திசை திரும்பிவிடும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கணினி பற்றி ஐயம் கேட்க அண்ணனோ அக்காவோ இல்லை. சென்ற ஆண்டு ஒரு அப்டேட்டுக்குப் பின், என் தொடுதளத்தில் தட்டினால் ஒன்றும் நிகழவில்லை. தளத்தையே மாற்ற வேண்டும் என்று ஒரு கடைக்காரர் சொன்ன தொகை, அப்பாவின் ஒரு வாரக் கூலி. "இனிமேல் அப்டேட்டே போடாதேம்மா" என்றும் சொன்னார். நான் வீடு திரும்பி அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். தட்டலுக்கான குறி நீங்கியிருந்தது. அதை இட்டதும் சரியாயிற்று.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் பின்வரும் வரிசையில் சோதிக்க வேண்டும். முதலில் தளத்தை உலர்ந்த துணியால் துடைக்கவும். அடுத்து, கணினியை அணைத்து மீண்டும் இயக்கவும். சில கணினிகளில் மேல்வரிசை விசை ஒன்று தொடுதளத்தை நிறுத்திவிடும்; அதையும் பார்க்கவும். பின்னர், விண்டோஸ் விசையுடன் ஐ எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். விண்டோஸ் 11இல், புளூடூத் அண்ட் டிவைசஸ் பகுதியிலுள்ள டச்பேட் பக்கத்தில் வேகம், தட்டல், உருட்டும் திசை யாவும் உள்ளன. அம்பு அசையாவிடில் டேப் விசையும் அம்புக்குறி விசைகளும் உதவும். இறுதியாக, டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் என்பது இருந்தால், பழைய டிரைவரை மீட்கலாம். இவை பயனளிக்காவிடில்தான் கருவிப் பழுதென ஐயுற வேண்டும்.

இனி, அப்டேட்டே வேண்டாம் என்பது சரியா? 2017 மே 12 அன்று வானாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே திணறின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை, மைக்ரோசாப்ட் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகளே பெரிதும் சிக்கின.

தேர்வுக்கு முதல் நாள் அப்டேட்டை ஒத்திவைக்கலாம், அடியோடு நிறுத்தலாகாது. மாறிப்போன அமைப்பை நாமே மீட்டுக் கொள்ளலாம். பூட்டப்பட்ட பாடக் குறிப்புகளை மீட்பது அரிது.