அருகில் ஒருவர் நின்று பார்க்கும் கல்வி: எலும்பு மூட்டு இயன்மருத்துவத்தில் உறைவிடப் பயிற்சி

முன்னுரை

சிம்பாங் ரெங்கத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு உடல்வலி புதிதன்று. என் தந்தையார் செம்பனைக் குலை வெட்டினார்; தாயார் உதிரிப்பழம் பொறுக்கினார். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெட்ட வேண்டும். முதிர்ந்த மரத்தின் குலை 20 கிலோவையும் தாண்டும். உதிரிப்பழம் பொறுக்குபவரோ குனிந்த தலை நிமிராமல் நிரை நிரையாக நடக்க வேண்டும். ஒருவருக்குக் கழுத்து பின்னால் வளைகிறது. மற்றவருக்கு இடுப்பு முன்னால் வளைகிறது. மாலையானால் எங்கள் வீட்டில் கோடாரித் தைலத்தின் மணம் வீசும். "வாயு", "சுளுக்கு", "நரம்பு இழுக்குது" என்ற மூன்று சொற்களுக்குள் எல்லா வலியும் அடங்கிவிடும்.

அந்த மூன்று சொற்களுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறியும் ஆவலே என்னை இயன்மருத்துவத் துறைக்கு, அதாவது பிசியோதெரபிக்கு, அழைத்துச் சென்றது. இத்துறையில் மேற்படிப்பு பற்றி இளைய மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பட்டம் பெற்றபின் ஒருவர் எவ்வாறு தேர்ந்த நிபுணர் ஆகிறார்? பல ஆண்டுகள் வேலை செய்தால் போதுமா? என் பணிவாழ்வில் நான் செய்த ஒரு பிழையையும் சேர்த்தே இதற்கு விடை சொல்ல விரும்புகிறேன்.

சொல்லும் பொருளும்

மொழிக் கழகத்தின் இதழ் என்பதால் முதலில் சொற்களைப் பார்ப்போம். 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்ற சொல்லுக்கு மூலமான சொல்லை 1741ஆம் ஆண்டில் நிக்கோலா ஆந்த்ரி என்னும் பிரெஞ்சு மருத்துவர் தம் நூலின் தலைப்பாக உருவாக்கினார். கிரேக்க மொழியில் 'ஆர்த்தோஸ்' என்றால் நேரானது. 'பைதியோன்' என்றால் குழந்தை. குழந்தைகளின் உடல் கோணலைச் சீர்செய்யும் கலை என்பதே அன்றைய பொருள். இன்று எல்லா வயதினரின் எலும்பு, மூட்டு, தசை, தசைநாண் ஆகியவற்றையும் இச்சொல் தழுவி நிற்கிறது. வளைந்த இளமரம் ஒன்றை நேரான கொம்போடு சேர்த்துக் கட்டியிருக்கும் படம் அந்நூலில் உண்டு. எலும்பு மருத்துவத் துறையின் சின்னமாக அது இன்றும் விளங்குகிறது.

'ரெசிடென்சி' என்பது உறைவிடப் பயிற்சி. மருத்துவமனையிலேயே தங்கி, மூத்தோரின் மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனித்துக் கற்கும் முறை அது. 1889ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டபோது வில்லியம் ஆஸ்லர் இம்முறைக்கு ஒழுங்கான வடிவம் தந்தார். இன்று பயிற்சி பெறுவோர் மருத்துவமனையில் குடியிருப்பதில்லை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. மருத்துவர்களுக்கென உருவான இம்முறையைப் பிற்காலத்தில் இயன்மருத்துவர்களும் தமக்கேற்ப அமைத்துக்கொண்டனர்.

தலையில் வைத்த கை

பணியில் சேர்ந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்த காலம். ஐம்பது வயதை எட்டிய தோட்டத் தொழிலாளி ஒருவர் வலது தோள் வலியோடு வந்தார். கையை உயர்த்தித் தலை வார முடியவில்லை. 'உறைந்த தோள்' என்று நான் முடிவு செய்தேன். அப்படிப்பட்ட நோயாளிகள் பலரைப் பார்த்திருந்ததால் எனக்கு ஐயமே எழவில்லை. வெப்பம் கொடுத்தேன், மூட்டைத் தளர்த்தினேன், வீட்டில் செய்யப் பயிற்சிகளும் சொன்னேன். ஆறு வாரங்கள் கடந்தன.

"தம்பி, நீங்க சொன்னதெல்லாம் விடாம செஞ்சிட்டேன். வாளி இன்னும் கையில நிக்க மாட்டேங்குது. வேலையை விட்டுடச் சொல்றாரு மண்டோர்" என்றார் அவர்.

பயிற்சியை ஒழுங்காகச் செய்யவில்லையோ என்று மனத்துக்குள் அவரையே குறை நினைத்தேன். காத்திருக்கும் இடத்தில் அவர் எப்போதும் வலது கையை இடது கையால் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். தலையில் கை வைத்து உட்காரக்கூடாது என்று சொல்லி வளர்த்தவர்கள் அல்லவா நாம்? "என்னக்கா, கப்பல் கவிழ்ந்துபோச்சா?" என்று ஒருநாள் கேலி கூடச் செய்தேன்.

அந்த வாரம் வெளிநாட்டில் மேற்பயிற்சி பெற்ற மூத்த இயன்மருத்துவர் ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்திருந்தார். நான் சிகிச்சை அளிப்பதை ஓரமாக நின்று அரை மணி நேரம் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த அக்கா வெளியே சென்றதும் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: "தோள் உறைந்துபோனவரால் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு சுகமாக உட்கார முடியுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. உறைந்த தோளில் மூட்டின் உறையே இறுகிவிடுகிறது. நோயாளி தானாகத் தூக்கினாலும், பிறர் தூக்கிவிட்டாலும் கை ஓரளவுக்கு மேல் நகராது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்புறம் திருப்பும் அசைவே மிகுதியும் குறையும். இவருக்கோ மற்றொரு கையால் தூக்கி வைத்தால் தோள் தடையின்றிச் செல்கிறது. வைத்தபின் வலியும் குறைகிறது. அப்படியானால் கோளாறு தோளில் இல்லை. கழுத்தில் நசுங்கும் நரம்பின் இழுவிசை, கையைத் தலைமேல் வைக்கும்போது தளர்கிறது. அதனால்தான் அவர் அறியாமலே அந்த நிலையைத் தேடிக்கொண்டார்.

மறுமுறை கழுத்தைச் சோதித்தோம். தலையைப் பின்னால் சாய்த்து வலப்புறம் திருப்பியதும் வலி தோள் வழியாகக் கட்டைவிரல் வரை ஓடியது. கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் உணர்ச்சி மங்கியிருந்தது. மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் வலிமை குறைந்திருந்தது. ஆறாவது கழுத்து நரம்பு பாதிக்கப்பட்டதற்கான அடையாளங்கள் இவை. வாளி ஏன் நழுவியது என்பதும் விளங்கியது. மருத்துவரிடம் அனுப்பினோம், ஊடுகதிர் மற்றும் காந்தப் படங்களும் அதையே காட்டின. சிகிச்சையை மாற்றிய பின் மூன்று மாதங்களில் வலி பெரிதும் தணிந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால் கட்டைவிரலின் மரத்த உணர்வு முழுதாக மறையவில்லை. நான் வீணாக்கிய ஆறு வாரங்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

என்னிடம் பாட அறிவு இல்லாமல் இல்லை. தேர்வில் கேட்டிருந்தால் ஆறாவது கழுத்து நரம்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். என் தவற்றை எனக்குக் காட்ட அருகில் ஒருவர் இல்லை என்பதே குறை. தனியாகச் செய்த பிழையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, அதற்கு 'அனுபவம்' என்று பெயர் சூட்டிக்கொள்ள முடியும்.

பயிற்சி எப்படி நடக்கிறது?

எலும்பு மூட்டு இயன்மருத்துவ உறைவிடப் பயிற்சி அமெரிக்காவில் நன்கு வளர்ந்துள்ளது. அங்கு நிபுணர் சான்றிதழை இயன்மருத்துவச் சிறப்புத் துறைகளுக்கான வாரியம் வழங்குகிறது. முதல் சான்றிதழ்கள் 1985இல் இதய, நுரையீரல் துறையில் வழங்கப்பட்டன. எலும்பு மூட்டுத் துறைக்கு 1989இல் வந்தன. தேர்வு எழுத இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கடந்த 10 ஆண்டுகளுக்குள் அத்துறையில் 2,000 மணி நேரம் நோயாளிகளுக்கு நேரடிச் சிகிச்சை அளித்திருத்தல். மற்றொன்று, அங்கீகாரம் பெற்ற உறைவிடப் பயிற்சியை முடித்தல்.

பயிற்சி பெரும்பாலும் ஓராண்டளவு நடைபெறுகிறது. பயிற்சியாளர் முன்னரே பட்டமும் உரிமமும் பெற்றவர். சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே கற்கிறார். அங்கீகார விதிகளின்படி அவர் 1,500 மணி நேரம் நோயாளிகளைக் கவனிக்க வேண்டும். 300 மணி நேரம் பாடங்கள், கருத்தரங்குகள், ஆய்வுக் கட்டுரை வாசிப்பு முதலியவற்றில் செலவாகிறது. இவற்றைவிட முக்கியமானது, 150 மணி நேரம் மூத்தவர் ஒருவர் ஒருவருக்கு ஒருவராக வழிகாட்டுவது. அதில் 100 மணி நேரமாவது நோயாளியின் முன்னிலையிலேயே நடக்க வேண்டும்.

அந்த 100 மணி நேரத்தில்தான் இக்கல்வியின் உயிர் இருக்கிறது. பயிற்சியாளர் நோயாளியிடம் கேள்வி கேட்கிறார், மூத்தவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பின்னர் அவர் வினவுகிறார்: "முதலில் எதை நினைத்தீர்? எந்தச் சோதனை அதைப் பொய்யாக்கும்? அந்தச் சோதனையை ஏன் செய்யவில்லை?" இடுப்பு வலியோடு வந்தவரிடம் சிறுநீர் கட்டுப்பாடு பற்றியும், தொடையிடுக்கின் உணர்ச்சி பற்றியும் கேட்டாரா என்பதும் கவனிக்கப்படும். அவ்விரண்டும் கெட்டிருந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்; காலதாமதம் நிரந்தர ஊனத்தில் முடியலாம். எதைத் தொடக்கூடாது, யாரை உடனே அனுப்ப வேண்டும் என்பதையும் அறிந்தவரே நிபுணர்.

தமிழ்நாட்டின் வழி சற்று வேறானது. அங்கே இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு இரண்டாண்டு முதுநிலைப் பட்டப்படிப்பில் எலும்பு மூட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். சென்னையிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இப்பட்டத்தை வழங்குகிறது. அது ஆய்வேட்டோடு கூடிய பல்கலைக்கழகக் கல்வி. உறைவிடப் பயிற்சியோ பணியிடத்திலேயே நடைபெறும் கல்வி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இரண்டும் இருந்தால் சிறப்பு.

நம் நாட்டில் நாம் செய்யக்கூடியது

மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. இயன்மருத்துவர்களும் அதன்கீழ் பதிவு செய்துகொள்ள வேண்டும். தகுதியற்றவர்களிடமிருந்து மக்களைக் காக்க இது துணைபுரிகிறது. எனினும் பதிவு என்பது வாசல்படி மட்டுமே. உள்ளே நடக்க வேண்டிய தூரம் அதிகம்.

நான் அமெரிக்கா சென்று பயிலவில்லை; அதற்கான வசதியும் அன்று இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 150 மணி நேரத்தை 50 வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான்! அதன்பின் நண்பர்கள் இருவரும் நானும் சனிக்கிழமைதோறும் நோயாளிகளின் சம்மதத்தோடு ஒருவர் சிகிச்சையை மற்றவர் பார்த்துக் குறிப்பெடுத்தோம். முதல் மாதம் மூவருக்கும் முகம் சுருங்கியது. பிறகு பழகிவிட்டது. இது முறையான உறைவிடப் பயிற்சி ஆகாது, சான்றிதழும் கிடையாது. ஆனாலும் என் கணிப்புகளில் எத்தனை அவசரத்தில் பிறந்தவை என்பதை அந்தச் சனிக்கிழமைகளே எனக்குக் காட்டின.

இத்துறைக்கு வர விரும்பும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முதல் வேலையைத் தேடும்போது சம்பளத்தை மட்டும் கேளாதீர்கள். "என் வேலையை அருகிலிருந்து பார்த்துத் திருத்துபவர் இங்கே இருக்கிறாரா?" என்றும் கேளுங்கள். மேற்படிப்பைத் தேடும்போதும் அந்தக் கேள்வியையே முதலில் வையுங்கள். மூத்த நிலையிலுள்ள முன்னாள் மாணவர்களே, வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஓர் இளையவரின் அருகில் நில்லுங்கள்.

முடிவுரை

தோட்டத்து மக்கள் தங்கள் வலியைப் புத்தக மொழியில் சொல்ல மாட்டார்கள். "நரம்பு இழுக்குது" என்றார் அந்த அக்கா, வந்த முதல் நாளிலேயே. அது உண்மையில் நரம்புதான்! தலையில் கை வைத்தும் அதையே காட்டினார். நான் கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை.

வேலையை விட்டு ஓய்ந்துவிட்ட அவர் இன்றும் சிம்பாங் ரெங்கம் சந்தையில் என்னைக் கண்டால், வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக் காட்டிச் சிரிப்பார். "கப்பல் கவிழல, தம்பி" என்பார். நானும் சிரிப்பேன். மறுநாள் காலை முதல் நோயாளி வரும்போது, அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதை முதலில் பார்ப்பேன்.